கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: ஜெர்மனியின் மிஹெல்ஸ்டாட் ஊரில் பழைய நகர மன்றம் மரத்தூண்கள் மேல் நிற்கிறதே, எப்படி உளுக்கவில்லை? (கீழக்கரை வாசகர்)

பதில்: 1484இல் கட்டியது. கீழ்த்தளம் காற்றோடும் திறந்த கூடம், அங்கேதான் அக்காலச் சந்தை. தூண்கள் ஓக் மரம், நம்மூர்த் தேக்குபோல வைரம் பாய்ந்தது. இவ்வகை மரச்சட்டக் கட்டடங்களில் ஒரு மரத்தின் செதுக்கிய முனையை (கழுந்து) மற்றதன் துளையில் இறக்கி மரமுளை அடிப்பார்கள். இரும்பாணி அடித்தால் ஓக்கின் துவர்ப்பு அதை அரித்துவிடும். உங்கள் உப்புக்காற்று செய்யும் அதே வேலை!

சட்டங்களுக்கிடையே களிமண் பூச்சு ஈரத்தை வெளியேவிடும். பழுதுபார்க்கிறோம் என்று சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, மரம் வெளியே தெரியாமலே உளுக்கும். உங்கள் பக்கத்துப் பவளக்கல் வீடுகளுக்கும் சுண்ணாம்புச் சாந்துதான் சரி. சிமென்ட் பூசினால் உப்பு பூத்துச் சுவர் பொரியும்.