சிவப்பு போனதும் சொட்டு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைக்கிறேன். ஒன்றரை வருடத்தில் மூன்று முறை வலது கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தையே பார்க்க முடியாமல் போனது. முதல் முறை மெட்ராஸ் ஐ என்று நினைத்து மெடிக்கலில் மருந்து வாங்கிப் போட்டேன். இரண்டாம் முறை கண் மருத்துவர் ‘யுவைட்டிஸ்’ என்று சொல்லி இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார். அதில் ஒன்றைப் போட்டால் கிட்டத்தில் இருப்பது மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பத்து நாளில் சிவப்பு போய்விட்டதால் இரண்டையும் நிறுத்தினேன். மூன்று வாரத்தில் மறுபடி வந்துவிட்டது. பார்வை போய்விடுமா? விலை அதிகமான ஊசி போட வேண்டியிருக்கும் என்கிறார்களே?

பதில்: மூன்று முறை வந்தது என்கிறீர்கள். என் கணக்கில் இரண்டு முறைதான். மருந்தை நிறுத்திய மூன்று வாரத்தில் வந்தது புதிதாக வந்ததில்லை. இரண்டாம் முறை வந்தது நீறு பூத்த நெருப்பாக உள்ளேயே கிடந்து, மருந்து நின்றதும் கிளம்பியிருக்கிறது.

சிவப்பு வெளியே தெரிகிற அடையாளம் மட்டும்தான். யுவைட்டிஸ் என்பது ஓர் அழற்சி. அது நடப்பது கண்ணுக்குள்ளே, கண்மணியைச் சுற்றிப் பழுப்பாகத் தெரிகிற ஐரிஸ் என்ற திரையில். அங்கே கசிந்து மிதக்கும் வெள்ளை அணுக்கள் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியாது. மருத்துவர் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மணிக்கு ஒரு முறை என்று தொடங்கி, பிறகு ஒரு நாளைக்கு ஆறு, நான்கு, மூன்று என்று குறைத்துக்கொண்டே வருவோம். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கண் வெளுத்த பிறகு போடுகிற அந்தக் கடைசி வாரங்கள்தான் நோய் திரும்பாமல் தடுக்கின்றன. அப்புறம் ஒன்று: பிரெட்னிசோலோன் அசிடேட் என்ற ஸ்டீராய்டு மருந்து பாட்டிலின் அடியில் தங்கிவிடும். நன்றாகக் குலுக்காமல் போட்டால் வெறும் தண்ணீரைப் போட்ட மாதிரிதான்.

சரி, பார்வையை மங்கவைத்த அந்த இன்னொரு மருந்து. அது கண்மணியை விரிக்கும் மருந்து. அழற்சி இருக்கும்போது ஐரிஸ் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் இருக்கவும் வலி குறையவும்தான் அதைக் கொடுக்கிறோம். ஒட்டிவிட்டால் கண் அழுத்தம் ஏற வழியுண்டு. ஆனால் தையல் வேலை செய்கிறவருக்கு அந்த மருந்தைக் கொடுக்கும்போது, “கிட்டப் பார்வை மங்கும், இத்தனை நாளில் சரியாகிவிடும்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் பக்கத் தவறு. அட்ரோபின் என்றால் அந்த மங்கல் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். ஹோமட்ரோபின் ஓரிரு நாளில் தெளியும். “நான் தையல் வேலை செய்கிறேன், பீஸ் ரேட்” என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நோயின் கடுமையைப் பார்த்து, சீக்கிரம் தெளிகிற மருந்தை இரவில் போடச் சொல்ல முடியுமா என்று அவர் முடிவு செய்வார்.

பார்வை போய்விடுமா என்று கேட்டீர்கள். ஒழுங்காக மருந்து போட்டால் உங்களைப் போன்ற பெரும்பாலானவர்களுக்குப் போகாது. பார்வையைக் கெடுப்பது இப்படி அரைகுறையாக விட்டு விட்டு வரும் அழற்சிதான். புரை, கண் அழுத்தம், விழித்திரை நடுவில் நீர் கோப்பது எல்லாம் அதன் பின்னால் வருகின்றன. அதற்காக மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு பாட்டிலை அடுத்த முறை கண் சிவந்ததும் நீங்களாகவே போட்டுவிடாதீர்கள். அந்தச் சிவப்பு ஹெர்பிஸ் கிருமியாலோ பூஞ்சையாலோ வந்த புண்ணாக இருந்தால், ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். ஆழமான வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல் இந்த மூன்றும் சேர்ந்தால் அது வேறு. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

இப்போது நான் உங்களைக் கேட்க வேண்டியவை. காலையில் எழுந்ததும் இடுப்பின் கீழ்ப்பகுதி அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கிறதா? நடக்க நடக்கக் குறைந்து, சும்மா இருந்தால் கூடுகிறதா? தைக்கிறவர்கள் அதை உட்கார்ந்த வலி என்று தள்ளிவிடுவார்கள். முதுகெலும்பு மூட்டுகளைப் பிடிக்கும் ஒரு வாதம் இளவயதிலேயே இப்படித் தொடங்கி, கண்ணிலும் வரும். எச்.எல்.ஏ-பி27 என்ற ரத்தப் பரிசோதனை அதற்குத்தான். காசநோய்க்கும் பரிசோதனை தேவை. மழைக்காலத்தில் தேங்கிய சாக்கடை நீரில் நடந்தீர்களா, அதன்பின் காய்ச்சல் வந்ததா என்பதும் முக்கியம். 1993 இறுதியில் வெள்ளம் வடிந்த பிறகு மதுரைப் பகுதியில் பலருக்கு யுவைட்டிஸ் வந்தது. எலிச் சிறுநீர் கலந்த நீரில் பரவும் லெப்டோஸ்பைரா கிருமிதான் காரணம் என்று மதுரை மருத்துவர்கள் கண்டறிந்து எழுதினார்கள். நகரத்தில் வடிகால் அடைத்துக்கொண்டால் அது கண் வரைக்கும் வரும்.

ஊசியைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். முதலில் சொட்டு மருந்தை முழுதாக முடிப்போம். அதையும் மீறி அடிக்கடி வந்தால் மெதோட்ரெக்சேட் என்ற விலை குறைந்த மாத்திரை இருக்கிறது. கண்ணின் உட்பகுதி வரை பரவும் யுவைட்டிஸ் உள்ள 216 பேரிடம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், அதைவிட விலை அதிகமான மைகோஃபினோலேட் என்ற மாத்திரைக்கு மெதோட்ரெக்சேட் குறைந்ததாக இல்லை. ஆனால் மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனையும் தவறாமல் செய்ய வேண்டும். விலை அதிகமான ஊசி அதற்கும் அடங்காதவர்களுக்குத்தான்.

கூலி போகிறதே என்ற கவலை நியாயமானது. உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பீஸ் ரேட் தொழிலாளருக்கும் அது உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் விடுப்பு எழுதித் தரும் நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாள் பொதுவாகக் கணக்கில் சேராது. முழுக் கூலி இல்லைதான், ஆனாலும் கண்மணியை விரிக்கும் மருந்து போடுகிற நாட்களை அதில் ஓட்டலாம். அடுத்த முறை போகும்போது பழைய சீட்டுகள், போட்ட மருந்துகளின் பாட்டில்கள், ஈ.எஸ்.ஐ. அட்டை மூன்றையும் கொண்டு போங்கள்.