பிலேமோன் நிருபம்: 25 வசனத்தில் அப்படி என்ன ஆன்மிகம் இருக்கிறது?

கேள்வி நியாயமானதுதான். பைபிளின் புதிய ஏற்பாட்டில் உள்ள இந்த நிருபம், மேலோட்டமாகப் பார்த்தால், சிறையிலிருந்து அப்போஸ்தலன் பவுல் எழுதிய சிபாரிசுக் கடிதம், அவ்வளவே. ஒநேசிமு என்ற அடிமையை எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்புகிறார்.

முதலில் 8, 9 வசனங்கள். கட்டளையிட உரிமை இருந்தும் அன்பின்பேரில் கேட்கிறார். நன்மை கட்டாயத்தால் வரக்கூடாது என்று 14ஆம் வசனம் காரணம் சொல்கிறது.

11ஆம் வசனத்தில் ஒரு சொல்விளையாட்டு. ஒநேசிமு என்ற கிரேக்கப் பெயருக்கே 'பயனுள்ளவன்' என்று பொருள். முன்பு பிரயோஜனமில்லாதவன், இப்போது பிரயோஜனமுள்ளவன் என்கிறார் பவுல். பெயரின் பொருள் தெரியாமல் வாசித்தால் இது கண்ணில் படாது.

கடிதத்தின் மையம் 16 முதல் 19 வரை. இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள். கடன் இருந்தால் 'என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்'. வணிகப் பேரேட்டின் மொழி இது. அடுத்த வரியில் தன் கையாலேயே எழுதி உறுதி தருகிறார். மன்னிப்பு இங்கே இலவசமல்ல, ஒருவர் விலை கொடுக்கிறார். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இதில் கிறிஸ்துவின் சாயலைக் கண்டார்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: 'ஓடிப்போனான்', 'திருடினான்' என்று கடிதம் எங்கும் சொல்லவில்லை. 15இல் 'பிரிந்துபோனான்', 18இல் கடன் 'உண்டானால்' என்ற நிபந்தனை, அவ்வளவுதான். 'விடுதலை செய்' என்றும் நேரடியாக இல்லை. 21ஆம் வசனம் 'சொன்னதிலும் அதிகமாய்ச் செய்வீர்' என்று குறிப்பாக விட்டுவிடுகிறது.