மர்மத் தனிநடிப்பு விரும்பும் மகளுக்கு என்ன படிப்பு?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோற்சவத்தில் மோனோ ஆக்டுக்கு, அதாவது தனிநடிப்புப் போட்டிக்கு, ஏ கிரேடு வாங்கியவள். இப்போது ஒரு கொலை மர்மக் கதையைத் தனியாளாக ஒரு மணி நேரம் மேடையில் நடிக்கிறாள், இனி இதுதான் என் வேலை என்கிறாள். கோயம்புத்தூரில் இருக்கும் தாய்மாமனோ சுயநிதிக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டே பேசி வைத்துவிட்டார். அதற்கு 6 லட்சம் கல்விக் கடன் எடுக்க வேண்டும். சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது தாயின் கவலை.

அம்மா, சொந்தக்காரர்களை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 6 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 7 ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 10,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை, அதையும் சேர்த்தால் தவணை இன்னும் கூடும். அதைக் கட்டப்போவது நீங்களும் மகளும், மாமன் அல்ல. கணக்குப் பாடத்தில் அவள் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் ஆண்டுக் கணிதத்திலேயே அரியர் விழத் தொடங்கலாம். பட்டம் கைக்கு வராமல் கடன் மட்டும் மிஞ்சும் கதை இப்படியும் தொடங்கும். இந்தச் சீட்டு வேண்டாம்.

அதற்காக மகள் சொல்வது முழுக்கச் சரி என்றும் ஆகாது. தனிநடிப்பு மர்ம நாடகத்துக்கு ஓர் ஈர்ப்பு இருப்பது உண்மைதான். மேடையில் ஒரு ஸ்டூல், ஒரு போன், ஓர் ஆள். கதை சொல்பவளைத் தவிர நம்புவதற்கு வேறு ஆள் இல்லை, அவளே பொய் சொல்கிறாளோ என்ற சந்தேகம் வரும்போது பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். கொலைகாரனின் முகத்தை யாரும் காட்டுவதில்லை, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு முகத்தை அதில் வைத்துக்கொள்கிறார்கள். செலவும் குறைவு. நடிகை, லைட் பார்ப்பவர், சவுண்ட் பார்ப்பவர் என்று மூன்று பேர் போதும், சின்ன வாசகசாலை மண்டபத்திலும் போட்டுவிடலாம்.

ஆனால் அந்த ஈர்ப்பு எங்கே நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். துரத்தல், கைகலப்பு எதையும் ஓர் உடல் தாங்காது. இல்லாத ஆளோடு மல்லுக்கட்டினால் அரங்கு சிரித்துவிடும், ஒரு முறை சிரித்த அரங்கில் மறுபடி பயம் ஏறாது. மோனோ ஆக்டின் ஐந்து நிமிடத்தில் பத்துக் குரல் மாற்றினால் கைதட்டல் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் நான்கு பாத்திரங்களுக்கு மேல் போனால் யார் பேசுகிறார்கள் என்று தேடுவதிலேயே பார்ப்பவரின் கவனம் தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய தடை, முடிச்சு அவிழ்ந்த கதையை அதே ஊர் மறுமுறை காசு கொடுத்துப் பார்க்காது. சித்தூர் தாலுகாவின் தமிழ் ஊர்களைச் சுற்றி முடித்ததும் புதிய கதை வேண்டும், இல்லையென்றால் மலையாளத்திலும் நடிக்க வேண்டும். திருவிழா மைதானத்தில் இது எடுபடவே எடுபடாது. பக்கத்தில் செண்டை, எதிரே சீரியல் பல்பு, அங்கே இருட்டும் இல்லை, அமைதியும் இல்லை. தொண்டையும் ஒரு கவலை. மூச்சுப் பயிற்சி இல்லாமல் வாரம் மூன்று முறை அலறினால் குரல்நாண் தடித்துப் போகலாம். இழுத்துப் பிடித்த கிசுகிசுப்பும் தொண்டைக்கு நல்லதல்ல.

நடிப்புப் பயிற்சி, சினிமா வாய்ப்பு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் உண்டு. யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: மேடை ஒளியும் ஒலியும். மர்ம நாடகத்தில் நடிகைக்கு எதிரே நிற்கும் அந்த இரண்டாவது ஆள் வெளிச்சம்தான். உங்கள் மாவட்டத்துக் கூத்துமாடங்களில் திரைக்குப் பின்னால் 21 எண்ணெய் விளக்கு ஏற்றி, கம்பன் பாட்டைச் சொல்லித் தோல்பாவைக்கூத்து நடத்துகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இந்த வேலையில் என்ன கற்க வேண்டும் என்று அவளிடம் படித்துக் காட்டுங்கள். 15 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் 3,450 வாட்தான் தாங்கும். 1,000 வாட் ஹாலோஜன் மேடை விளக்கு மூன்றுக்கு மேல் அதில் போடக்கூடாது. நான்காவதை மாட்டினால் ஒத்திகையில் ஒன்றும் ஆகாது, எல்லா விளக்கும் சேர்ந்து ஏறும் உச்சக்காட்சியில்தான் ஃபியூஸ் போகும். எல்இடி விளக்கு கரண்ட் குறைவாக எடுக்கும், ஆனால் மலிவானது மெல்ல மங்கும்போது கடைசியில் படிப்படியாகக் குதித்துச் சட்டென்று அணையும். பயம் அங்கேயே கலைந்துவிடும். அதனால் கடைசி மங்கலுக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் ஒரு ஹாலோஜன் விளக்கு வைத்துக்கொள்வது நல்லது. விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிள் ஒன்றில் 512 சேனல் போகும். வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் என்ற முனைத்தடையை மாட்டவில்லை என்றால் விளக்குகள் தானாகச் சிமிட்டக்கூடும். லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கிலும் சவுண்ட் மிக்சர் வேறு பிளக்கிலும் இருந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரலாம். இரண்டையும் ஒரே போர்டில் மாட்ட வேண்டும், அப்படியும் நிற்காவிட்டால் நடுவில் இரைச்சலைத் தடுக்கும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று.

இதையெல்லாம்விட முக்கியம் கியூ எழுதும் பழக்கம். எந்த வரியின் எந்தச் சொல்லில் போன் மணி அடிக்கிறது, எத்தனை விநாடியில் வெளிச்சம் இறங்குகிறது என்று பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்க வேண்டும். போனில் வரும் பதிவுக் குரல் ஒரு விநாடி பிந்தினாலும் நடிகை காற்றோடு பேசுவதாகத் தெரியும். முழு இருட்டு நான்கு விநாடியைத் தாண்டினால் அரங்கில் இருமலும் மொபைல் வெளிச்சமும் கிளம்பும். கியூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருள் சாதாரண லேப்டாப்பில் ஓடும். விளக்கே இல்லாமல் வீட்டிலேயே இன்றிரவு அவள் கியூ வரிசை போட்டுப் பார்க்கலாம்.

நடிகையாக அவளுக்கு வேலை தருவது அவளுடைய நாடகம் மட்டும். லைட் தெரிந்தவளை நாட்டியக் குழு, பள்ளி ஆண்டு விழா, கல்யாண மண்டபம், அடுத்தவர் நாடகம் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்த வருமானத்தில் தன் தனிநடிப்பையும் நடத்திக்கொள்ளலாம்.

படிக்க வேண்டிய இடமும் தூரத்தில் இல்லை. திருச்சூர் அரணாட்டுக்கரையில் காலிகட் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977 முதல் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அங்கே நாடகப் பட்டப்படிப்பு உண்டு. நடிப்போடு மேடை அமைப்பும் ஒளியும் பாடத்திலேயே வரும். மதிப்பெண்ணோடு திறன் சோதனையும் பார்ப்பார்கள். கட்டணத்தையும் கடைசித் தேதியையும் பல்கலைக்கழகத்தின் இந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டம் தேவை என்பதால் அது பிறகுதான். திருச்சூரில் வகுப்பு பெரும்பாலும் மலையாளத்தில் நடக்கும். அவள் தமிழ் மீடியத்தில் படித்தவள் என்றால் மலையாள நாடகப் பிரதிகளை உரக்க வாசிக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கட்டும்.

மாமனிடம் சண்டை வேண்டாம். தவணைக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஜாமீன் கையெழுத்து நீங்கள் போடுவீர்களா அண்ணா என்று கேளுங்கள். மகளிடமும் ஒரு தாள் கேளுங்கள்: கடைசியாக நடத்திய ஐந்து நிகழ்ச்சிகளுக்கு வந்த பணம், வண்டி வாடகை, சவுண்ட் செட்காரருக்குக் கொடுத்தது, கையில் நின்றது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.