‘ஆம்’ என்பதற்கு ஐரோப்பாவில் எத்தனை வேர்கள்?

கேள்வி: இத்தாலியர் ‘சீ’ என்கின்றனர், பிரெஞ்சுக்காரர் ‘உவீ’ என்கின்றனர். இரண்டும் லத்தீனின் வழிவந்த மொழிகள்தாமே, ஐயா?

பதில்: தாயான லத்தீனிலேயே ‘ஆம்’ என்பதற்கான சொல் இல்லை. லத்தீன் பேசியோர் கேட்ட வினையையே திருப்பிச் சொல்வர். அல்லது ‘அப்படியே’ எனப் பொருள்படும் ‘சீக்’ போன்ற சொற்களால் உடன்படுவர். அந்தச் ‘சீக்’தான் இத்தாலியனிலும் ஸ்பானியத்திலும் ‘சீ’ ஆயிற்று. தென் பிரான்சில் ‘இது’ என்னும் பொருளுடைய ‘ஹோக்’ தேய்ந்து ‘ஒக்’ ஆனது. வடக்கிலோ அதனுடன் ‘அவன்’ என்பதும் சேர்ந்து ‘ஒயில்’ ஆகி, பின்னர் ‘உவீ’ எனச் சுருங்கியது. தொடக்கத்தில் ‘நான்’ சேர்ந்த வடிவமும் வழங்கியது. நாளடைவில் படர்க்கை வடிவமே எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

கேள்வி: இச்சொல்லைக் கொண்டு மொழிகளையே வகைப்படுத்தினார்களாமே?

பதில்: ஆம், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, ‘ஒக்’ என்போர், ‘ஒயில்’ என்போர், ‘சீ’ என்போர் எனப் பிரித்தார். தென் பிரான்சின் லாங்கெதோக் என்னும் நிலப்பகுதியின் பெயருக்கே ‘ஒக் மொழி’ என்பதுதான் பொருள்.

கேள்வி: “நீ வரவில்லையா?” என்று எதிர்மறையில் கேட்டால் ‘ஆம்’ என்பது குழப்பாதா?

பதில்: குழப்பும், அதனால்தான் பிரெஞ்சில் ‘சி’, ஜெர்மனில் ‘தோக்’, சுவீடிய மொழியில் ‘யூ’ என, எதிர்மறையை மறுத்து உடன்படுவதற்கெனத் தனிச்சொற்கள் உள்ளன. பழைய ஆங்கிலத்திலும் ‘யே’ இயல்பான விடையாகவும், ‘யெஸ்’ இத்தகைய மறுப்பு விடையாகவும் இருந்தன. பயனுள்ள அந்த வேறுபாட்டை ஆங்கிலம் இழந்துவிட்டது என்பது என் வருத்தம்.

கேள்வி: ருமேனியரின் மொழியும் லத்தீன் வழிவந்ததே. ஆனால் அவர்கள் ‘ஆம்’ என்பதற்குத் ‘தா’ என்பது ஏன்?

பதில்: பல்கேரியர் போன்ற ஸ்லாவிய அண்டையாரிடமிருந்து பெற்ற கடன் என்பதே பெரும்பான்மைக் கருத்து. அப்பகுதியில் எச்சரிக்கையாக இருங்கள்: கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆம், எல்லை தாண்டிப் பல்கேரியாவில் ‘நே’ என்றால் இல்லை.

கேள்வி: இச்சொல்லே இல்லாத மொழி இன்றும் உண்டா?

பதில்: அயர்லாந்தின் ஐரிஷ் உண்டு. “இருக்கிறதா?” என்றால் ‘தா’, அதாவது ‘இருக்கிறது’, என்பர், ‘நிற்றல்’ என்னும் தொல்வேரிலிருந்து வந்த இந்த வினைக்கும் ஸ்லாவியத் ‘தா’வுக்கும் உறவில்லை. நாமும் “வந்தாயா?” என்றால் “வந்தேன்” என்கிறோம், நம் ‘ஆம்’ என்பதும் ‘ஆகும்’ என்னும் வினையின் சுருக்கமே.