புத்தூர் முற்றுகையும் எல்லையோரக் கேள்விகளும்

ஆந்திர-தமிழ்நாடு எல்லைப் பகுதிப் போலீஸ் செய்திகளை நீண்ட காலம் எழுதியவன் என்பதால், ஆந்திராவின் நகரி, புத்தூர், சித்தூர் நண்பர்களும் தமிழ்நாட்டின் திருத்தணி நண்பரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கே: 2013 அக்டோபரில் எங்கள் ஊரில் அத்தனை போலீஸ் இருந்தும், ஒரு வீட்டில் இருந்தவர்களைப் பிடிக்க ஏன் பத்து மணி நேரம் ஆனது அண்ணா? (புத்தூர்)

ப: உள்ளே இருந்தவர்கள் உயிரோடு வேண்டும் என்பதால்தான். முந்தின நாள் சென்னையில், பயங்கரவாத வழக்குகளில் தேடப்பட்ட ‘போலீஸ்’ பக்ருதீன் (‘போலீஸ்’ என்பது பட்டப்பெயர்) சிக்கினார். அடுத்த நாளே, அவருடைய கூட்டாளிகளைத் தேடித் தமிழ்நாட்டுப் போலீஸ் புத்தூரில் நின்றது. நுழைய முயன்றபோது ஓர் இன்ஸ்பெக்டருக்கு வெட்டு. உள்ளே ஆயுதங்கள் இருந்தன; கூடவே ஒரு பெண்ணும் குழந்தைகளும். ஆந்திராவின் பயங்கரவாத எதிர்ப்புப் படையான ஆக்டோபஸும் வந்தது. அவசரப்படாமல் சுற்றி நின்று, அந்தப் பெண்ணையும் குழந்தைகளையும் மீட்டு, பன்னா இஸ்மாயில், பிலால் மாலிக் இருவரையும் உயிரோடு பிடித்தார்கள். கதவை உடைத்துச் சுட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் 2011-இல் மதுரை பக்கம் ஆலம்பட்டியில் பா.ஜ.க. தலைவர் அத்வானி போகும் வழியில் பைப் வெடிகுண்டு வைத்த வழக்கில் அப்புறம் யாரை விசாரிப்பது? என்னைக் கேட்டால், அந்தப் பொறுமைதான் அன்றைய வெற்றி.

கே: ஒளிய நம் பக்கம் ஏன் வருகிறார்கள்? (நகரி)

ப: தமிழ் பேசினால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே நேரம் இது ஆந்திரப் போலீஸின் எல்லை; தமிழ்நாட்டுப் போலீஸ் நேரடியாக வர முடியாது என்ற நினைப்பு. ரயிலும் சென்னை ரோடும் பக்கம். இன்னும் உள்ளே தள்ளி ராயச்சோட்டியில் 2025-இல் பிடிபட்ட அபுபக்கர் சித்திக், குண்டுவெடிப்பு வழக்குகளில் 1995 முதல் தேடப்பட்டவர்.

கே: என்ன இருந்தாலும் அவர்கள் கொள்கைக்காகப் போராடுகிறவர்கள்தானே சார்? (சித்தூர், கல்லூரி மாணவர்)

ப: தம்பி, காயம் உண்மையானது. 1997 கோவைக் கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆத்திரத்தில் ஆள் சேர்த்தது அல்-உம்மா என்ற தீவிரவாத அமைப்பு; புத்தூரில் பிடிபட்டவர்களையும் அதைச் சேர்ந்தவர்கள் என்றே போலீஸ் சொன்னது. அந்த அமைப்பு 1998 பிப்ரவரி 14 அன்று வைத்த குண்டுகளில் 58 பேர் செத்தார்கள். அதன் பிறகு சந்தேகத்தையும் சோதனையையும் சுமந்தது யார்? ஒரு பாவமும் அறியாத முஸ்லிம் குடும்பங்கள். 1980-இல் ஆந்திராவில் பிறந்த நக்சலைட் அமைப்பான மக்கள் யுத்தக் குழுவும் நிலம், கூலி என்றுதான் தொடங்கியது. பிறகு ‘போலீஸ் ஆள்’ என்று முத்திரை குத்தி ஏழைக் கிராமத்தாரையே கொன்றது. யார் பெயரைச் சொல்லித் துப்பாக்கி எடுக்கிறார்களோ, அவர்கள் தலையில்தான் முதலில் இடி விழுகிறது.

கே: ரகசிய நடவடிக்கை என்றால் யாரையும் சுடலாமா ஐயா? (திருத்தணி)

ப: கூடாது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டு 20 தமிழ்நாட்டுக் கூலிகள் செத்தார்கள். செம்மரக் கடத்தல்காரர்கள் என்றது போலீஸ். வழியிலேயே பிடித்துக் கொண்டுபோனார்கள் என்றார்கள் தப்பியவர்கள். அதற்கு ஆறேழு மாதம் முன்புதான், 2014-இல், ஒவ்வொரு என்கவுன்ட்டர் சாவுக்கும் எஃப்.ஐ.ஆர்., தனி விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தகவல் தந்தவர் பெயரை மறைக்கலாம். ஒருவர் எப்படிச் செத்தார் என்பதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கே: வீடு வாடகைக்கு விடுகிறேன். என்ன செய்யட்டும்? (புத்தூர், ஓர் அம்மா)

ப: யார் வந்தாலும் அடையாள அட்டை நகல் வாங்கி ஸ்டேஷனில் கொடுங்கள் அம்மா. பெயரைப் பார்த்து வீடு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.