சிங்கப்பூரில் இறங்கும் முதல் நாள்: துணையோடு போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

காரைக்குடியிலிருந்து உறவுக்காரர்களைச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் அழைத்துப் போய் வருவது எனக்கு இருபது வருடங்களுக்கு மேற்பட்ட பழக்கம். முதல் நாள் மனக்கசப்பால் மீதி நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பிய அண்ணன் தம்பிகளை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

கோட்டையூர் ஆச்சி: மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். நானும் தங்கையும் போகிறோம். சீப்புச் சீடை, மசாலாப் பொடி, உப்புக்கண்டம் எல்லாம் கட்டி வைத்துவிட்டோம். கொண்டுபோகலாமா?

சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல் போன்ற பலகாரங்கள் தாராளமாகப் போகட்டும். உப்புக்கண்டத்தை இப்போதே வெளியே எடுங்கள். நம் ஊர் ஆட்டிறைச்சியை அங்கே உள்ளே விடமாட்டார்கள்.

மசாலாப் பொடிக்கு வருகிறேன். அதில் கசகசா சேர்த்து அரைத்தீர்களா ஆச்சி? சேர்த்திருந்தால் அந்தப் பொட்டலம் வீட்டிலேயே இருக்கட்டும். கசகசா அபினிச் செடியின் விதை. சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புத் துறை அதைத் தடை செய்யப்பட்ட பொருளாகவே வைத்திருக்கிறது. குருமாவுக்கு அரைத்தது என்று அங்கே நின்று விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வேண்டாம். வெற்றிலைப் பெட்டியில் புகையிலை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மெல்லும் புகையிலைக்கும் அங்கே தடை. காய்ந்த கொப்பரையை விமானத்திலேயே ஏற்ற விடமாட்டார்கள். எண்ணெய்ப் பசை உள்ளது, தீப்பிடிக்கும் என்பதுதான் காரணம்.

இன்னொன்று. உங்கள் பெட்டியில் இடமில்லை என்று தங்கை பெட்டியில் எதையும் செருகாதீர்கள். இந்தப் பெட்டியைக் கட்டியது யார் என்று கேட்டால், அவரவர் தயங்காமல் நான்தான் என்று சொல்ல முடிய வேண்டும்.

புதுவயல்: விசா வேண்டுமா அண்ணே?

சிங்கப்பூருக்கு வேண்டும். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும்முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டுக்குமே வருகை அட்டையைக் கணினியிலோ கைபேசியிலோ நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது போலித் தளம்.

தேவகோட்டை: நானும் சம்பந்தியும் முதல்முறையாகப் போகிறோம். பணம், பாஸ்போர்ட் எல்லாம் ஒருவர் கையில் இருந்தால் பத்திரம் என்று அவர் சொல்கிறார். சரிதானே?

சரியில்லை. பாஸ்போர்ட் அவரவர் கையில்தான் இருக்க வேண்டும்.

1998-இல் நானும் ஒரு நண்பரும் போனோம். அவர் என்னைவிட விவரமானவர் என்று இரண்டு பாஸ்போர்ட், பணம், விடுதியின் முகவரி அட்டை எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். முதல் நாள் மதியம் டோபி காட் ரயில் நிலையம். அவர் ஏறினார், எனக்கு முன்னால் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டியது தெரிந்தது. நில் என்கிறாரா, வா என்கிறாரா என்று புரியவில்லை. அவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, நான் வருவேன் என்று அங்கே நின்றிருக்கிறார். அவர் திரும்பி வருவார் என்று நான் இங்கே நின்றேன். கைபேசி கிடையாது. விடுதியின் பெயர் நினைவில்லை, வாசலில் பூக்கடை இருந்தது மட்டும்தான் நினைவு. சட்டைப் பையில் அர்ச்சனைக்கு என்று வைத்திருந்த இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு சிங்கப்பூர் டாலர். கடைசியில் தெரிந்த ஒரே இடமான டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு விசாரித்து நடந்து, வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மாலையில் நடை திறக்கும் நேரத்துக்கு அவரும் அங்கே வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

அன்றிலிருந்து என்னோடு வருகிறவர்கள் ஒவ்வொருவர் பையிலும் மூன்று பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விமான நிலையத்தை விட்டு நகர்வேன்: சொந்தப் பாஸ்போர்ட், விடுதி முகவரி அட்டை, 50 வெள்ளி. பிரிந்துவிட்டால் யார் எங்கே நிற்பது என்பதையும் அங்கேயே பேசிவிடுவோம். விடுபட்டவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். போனவர்தான் திரும்பி வர வேண்டும்.

பணத்துக்கு வருவோம். ஆளுக்கு 200 வெள்ளி ஒரு பொதுப் பையில் போடுங்கள். சாப்பாடும் வண்டிச் செலவும் அதிலிருந்து. பேரனுக்கு வாங்குவது உங்கள் சொந்தப் பையிலிருந்து. முதல் நாள் இரவே ஒரு சின்ன நோட்டில் எழுதிவிடுங்கள்.

பள்ளத்தூர்: அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம். சம்பந்தியோடு குடித்த காப்பிக்குக் கணக்கு எழுதுவது அவருக்கு அவமரியாதை இல்லையா? எங்கள் ஐயா காலத்தில் வாய்ச்சொல்லிலேயே ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினார்கள்.

கோபமில்லை தம்பி. ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லில் கொடுத்தார்கள், கொடுத்த அன்றே ஏட்டில் எழுதினார்கள். ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் நம்மவர்கள், நகரத்தார், வட்டிக்கடை நடத்தித் தங்கியிருந்த கிட்டங்கியை நினைத்துப் பாருங்கள். நீளமான ஒரே கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, எழுதக் குட்டை மேசை, இரவில் அதே இடத்தில் பாய். பொதுச் சமையல். மூன்று வருடத் தவணைக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் அப்படித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பேரேடும் ஐந்தொகை என்ற வரவு செலவு இருப்புக் கணக்கும் சரியாக இருந்ததால்தான் அந்த நெருக்கத்திலும் முகம் பார்த்துப் பேச முடிந்தது.

கண்டனூர் அண்ணன்: பள்ளத்தூர்த் தம்பி சொல்வதுதான் சரி. கிட்டங்கி தொழில். சம்பந்தம் வேறு. உறவுக்குள் நோட்டு எதற்கு?

அண்ணே, திருமணத்தன்று இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதி இரண்டு பக்கத்தாரும் கையெழுத்திடுகிறோமே, அது உறவுக்குள் எழுதுவது இல்லையா? மொய் எழுதுகிறோமே, அதனால் எந்த உறவு கெட்டது? எழுதாமல் விட்டதால் கெட்டதை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் ஒருவர் நான்கு முறை கொடுத்தார், மற்றவர் ஒரு முறை கொடுத்தார். யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்காக நடுத்தெருவில் குரல் உயர்ந்தது. மனத்துக்குள் எழுதிய கணக்கு இருவருக்கும் வேறு வேறாக இருந்தது. தாளில் எழுதியிருந்தால் ஒரே கணக்காக இருந்திருக்கும்.

பள்ளத்தூர்: அப்படியானால் யார் எழுதுவது?

சின்னவர் எழுதட்டும், பெரியவர் படித்துப் பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை.

ஆத்தங்குடி: பாஸ்போர்ட்டை எல்லாம் ஒரே பையில் போட்டு என் கணவரிடம் கொடுக்கலாமா?

தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள் ஆச்சி.

நெற்குப்பை: மலேசியாவுக்கு விசா?

புதுவயலுக்குச் சொல்லியாயிற்று.

கானாடுகாத்தான்: திருச்சியில் இரவு விமானம், காலையில் போய் இறங்குகிறோம். அன்றே நிறைய இடம் பார்த்துவிட வேண்டும் என்று நண்பர் துடிக்கிறார். எனக்குத் தூங்க வேண்டும்.

உங்கள் பக்கம்தான் நான். ஆனால் விடுதி அறையைப் பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தருவார்கள், அதனால் உடனே படுக்க முடியாது. பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு, சிராங்கூன் சாலையில் இட்லி சாப்பிட்டு, டேங்க் ரோடு கோயிலுக்குப் போங்கள். நம்மவர்கள் 1859-இல் எழுப்பிய கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும். பிறகு அறைக்கு வந்து இருவரும் தூங்குங்கள். நண்பர் துடித்தால் மாலையில் அவர் மட்டும் கடற்கரை ஓரம் நடந்துவிட்டு வரட்டும். துணை என்றால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. ரயிலில் ஒரே பயண அட்டையைத் தட்டி இருவர் உள்ளே போக முடியாது, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராயவரம்: துபாய்க்கு முதல் நாள் எப்படி?

நான் போனதில்லை, போனவர்களைக் கேளுங்கள். அங்கும் கசகசாவுக்குத் தடை உண்டு, அதை மட்டும் மறக்காதீர்கள்.

கோட்டையூர் ஆச்சி: வறுத்த கசகசா பரவாயில்லையா?

வறுத்தாலும் அரைத்தாலும் கூடாது ஆச்சி. மகள் வீட்டில் முந்திரி வைத்து அரைக்கச் சொல்லுங்கள்.

கண்டனூர் அண்ணன்: நோட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். இன்னொன்று கேட்கிறேன். போய்ச் சேர்ந்ததை ஆத்தாவுக்கு எப்போது சொல்வது? தூக்கத்தில் எழுப்பிவிடுவேனோ என்று பயம்.

அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை எட்டுக்கு இறங்கினால் இங்கே ஐந்தரை. ஆத்தா அதற்கு முன்பே எழுந்து, முற்றத்தில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெட்டி வருவதற்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.