மருத்துவர் பதில்கள்: ஐ.சி.யூ.வில் ஆன்டிபயாடிக் அளவு மாறுவது ஏன்?

கேள்வி: நிமோனியா முற்றிய நிலையில் என் தந்தை பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பது சேர்க்கும்போதே தெரிந்திருந்தும் மெரோபெனம் என்ற மருந்தை முதலில் முழு அளவில் கொடுத்தார்கள், மறுநாள் குறைத்தார்கள், பிறகு மீண்டும் கூட்டினார்கள். இது தடுமாற்றம் இல்லையா?

பதில்: இல்லை. பன்னிரண்டு நாளும் ஒரே அளவில் கொடுத்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

கடும் தொற்று, அதற்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைப் பாதிக்கும் செப்சிஸ் நிலையை எட்டும்போது ரத்த நுண்குழாய்கள் கசிந்து, நீர் திசுக்களுக்குள் இறங்குகிறது. விழுகிற ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மருத்துவர்களும் லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றுகிறார்கள். மெரோபெனம், வான்கோமைசின், அமிக்காசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் நீரில் கரைபவை என்பதால் அந்த நீர் போகும் இடமெல்லாம் அவையும் பரவி, ரத்தத்தில் செறிவு குறைந்துவிடுகின்றன. முதல் டோஸ் நிரப்ப வேண்டியது விரிந்துவிட்ட இந்தப் பரப்பைத்தான். மருந்து எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பதே சிறுநீரகத்தைப் பொறுத்தது; ஆகவே அது பழுதாகியிருந்தாலும் குறைக்க வேண்டியது அடுத்தடுத்த டோஸ்களையே தவிர, முதல் டோஸை அன்று. சிறுநீரகத்துக்குப் பயந்து முதல் வேளையிலேயே கையைச் சுருக்கிக்கொள்வது எங்கள் துறையில் இன்னும் மறையாத தவறு.

பின்னர் கூட்டியது ஏன்? உங்கள் தந்தையின் குறிப்பேட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் செப்சிஸில் அடிபட்ட சிறுநீரகம் பலருக்கு ஓரிரு நாளிலேயே தேறத் தொடங்கும். ஆனால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் ரத்த அளவைக் காட்டும் எண் மட்டும் சற்றுத் தாமதமாகவே இறங்கும். அந்த எண்ணையே நம்பிக் குறைந்த அளவில் தொடர்ந்தால், தொற்று உச்சத்தில் இருக்கும் நாட்களில் மருந்து போதாமல் போகும். சிறுநீரகம் பழுதாகாமல், அளவுக்கு மீறி வேலை செய்தாலும் இதே ஆபத்து உண்டு. விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர்கள், தீக்காயம் பட்டவர்கள் போன்றோருக்குச் சிறுநீரகம் இயல்பைவிட அதிகமாக, நிமிடத்துக்கு 130 மி.லி.க்கும் மேல் வடிகட்டி, மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும். அவர்களின் கிரியாட்டினின் அறிக்கை இயல்பாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கேள்வி: அரை மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய மருந்தைப் பம்ப் வைத்து மூன்று, நான்கு மணி நேரம் ஏற்றுகிறார்களே, அதனால் பயன் உண்டா?

பதில்: மெரோபெனம், பைபராசிலின் போன்ற பீட்டா-லாக்டம் (பென்சிலின் குடும்பத்து) மருந்துகளுக்கு உண்டு. கிருமியை அடக்கத் தேவையான அளவுக்குமேல் மருந்து எவ்வளவு நேரம் ரத்தத்தில் நிற்கிறது என்பதே இவற்றில் முக்கியம். அளவு உச்சத்துக்குப் போய் இறங்குவதால் பெரிய ஆதாயமில்லை. அமிக்காசினில் உச்சம்தான் வேலை செய்கிறது. அதனால்தான் அதைப் பெரும்பாலும் நாளுக்கு ஒரே வேளையாகக் கொடுக்கிறோம். 7 நாடுகளில் 7,000 பேருக்கு மேல் பங்கேற்று 2024இல் வெளியான பிளிங்-3 ஆய்வில், பீட்டா-லாக்டத்தை இடைவிடாமல் ஏற்றியவர்களில் 24.9 சதவீதம் பேரும், இடைவெளி விட்டு ஏற்றியவர்களில் 26.8 சதவீதம் பேரும் 90 நாட்களுக்குள் இறந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற ஐயத்தை அந்த ஆய்வால் மட்டும் நீக்க முடியவில்லை. ஆனால் அதே ஆண்டில் 18 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது இறப்பு குறைவது தெரிந்தது. எனவே முதல் டோஸை விரைவாகக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை நீட்டி ஏற்றுவதையே நான் விரும்புகிறேன். கரைத்த மெரோபெனம் அறை வெப்பத்தில் நெடுநேரம் வீரியத்தோடு நிற்காது. நாள் முழுக்க ஏற்றுவதென்றால் செவிலியர்தான் சிரிஞ்சை மறுபடி மறுபடி மாற்ற வேண்டும். அந்த உழைப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை.

கேள்வி: ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துப் பார்த்தே கொடுக்கலாமே?

பதில்: வான்கோமைசினுக்கும் அமிக்காசினுக்கும் நெடுங்காலமாக அப்படித்தான் செய்கிறோம். பீட்டா-லாக்டத்துக்கு அந்த வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் முடிவு தாமதமாக வந்தால், நேற்றைய உடல்நிலைக்கு இன்று அளவு நிர்ணயித்ததாகிவிடும். ஆயினும் சிறுநீரகம் பழுதானவருக்குச் செஃபெபிம் என்ற பீட்டா-லாக்டம் மருந்தைக் கொடுக்கும்போது அளந்து பார்ப்பது நல்லது. அம்மருந்து உடலில் தேங்கினால் மனக்குழப்பமும் வலிப்பும் வரும். அதைப் பார்ப்பவர்கள் நோய்தான் முற்றுகிறதென்று நினைத்து மருந்தைத் தொடர்ந்துகொண்டே இருப்பார்கள்.